ஓர் இரவில் எழுதிய பாட்டு

1990ஆம் ஆண்டு வாரண்ட் என்ற அமெரிக்க ராக் குழு தன் இரண்டாவது ஆல்பத்தை ஏறக்குறைய முடித்து வைத்திருந்தது. அதற்கு 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்று பெயரிடுவதாகத் திட்டம். பெயர் 1852இல் வந்த ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் நாவலுடையது. பாட்டின் கதை வேறு. ஊர்ப்புறத்தில் ஒருவனும் அவனுடைய டாம் மாமாவும், போலீஸ்காரர்கள் இரண்டு பிணங்களைக் கிணற்றில் போடுவதைப் பார்த்துவிடுகிறார்கள். இனி வெளியே சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. பாட்டு அந்த அவஸ்தையைப் பற்றியது. ஓர் அக்குஸ்டிக் கித்தாரில் நிதானமாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கனம் ஏறும். குழுவின் பாடகரும் பாட்டுகளை எழுதியவருமான ஜேனி லேன் இதைத்தான் ஆல்பத்தின் முகமாக நினைத்திருந்தார்.

அப்போது கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் டான் ஐனர் கூப்பிட்டார். ஏரோஸ்மித் குழுவின் 'லவ் இன் அன் எலிவேட்டர்' மாதிரி, கேட்டதும் கூட்டம் சேர்ந்து கத்துகிற ஒரு பாட்டு வேண்டும் என்றார். லேன் ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார். பீட்சா பெட்டி அட்டையில் எழுதினார் என்று சொல்வார்கள். பாட்டின் பெயர் 'செர்ரி பை'. நிறுவனத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆல்பத்தின் பெயரே மாறியது. செப்டம்பர் 1990இல் 'செர்ரி பை' என்ற தலைப்போடு வெளிவந்து, பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 7ஆம் இடம் வரை போனது. பாட்டு 10ஆம் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் மட்டும் ஆல்பம் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' தனிப்பாட்டாக வெளியானபோது 78ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 2011இல், தன் 47ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஹோட்டல் அறையில் ஜேனி லேன் இறந்து கிடந்தார். காரணம் மது. அடுத்த நாள் செய்திகள் பலவற்றிலும் அவர் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி இருந்தது: 'செர்ரி பை' பாடகர்.

எனக்கு இதில் ஒரு கேள்வி பல வருஷமாகத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. ஒருவர் மனசில்லாமல் செய்துகொடுத்த ஒன்றுக்காக உலகம் அவரை நேசித்தால், அந்த நேசத்தை என்ன செய்வது? அவர் அதற்குக் கடன்பட்டவரா? நேசித்த நாம் அவருக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

கிளாம் மெட்டல் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இன்றைய இளம் வாசகர்களுக்கு அது ஒரு கேலிப் படமாகத்தான் தெரிந்திருக்கும். உயரமாகத் தூக்கி வாரிய முடி, உதட்டுச்சாயம், இறுக்கமான தோல் கால்சட்டை. எண்பதுகளில் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் கிளப்புகளில் வளர்ந்த இசை அது. மோட்லி க்ரூ, பாய்சன், ரேட் என்று வரிசையாகக் குழுக்கள். எம்டிவி அவர்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அந்த இசை தன்னைத் தீவிரமானது என்று சொல்லிக்கொண்டதே இல்லை. சனிக்கிழமை இரவுக்கான இசை என்றுதான் சொன்னது. அதனால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு தத்துவக் கவிஞர் சமரசம் செய்துகொண்டார் என்றால் நாம் உடனே வருத்தப்படத் தயாராக இருக்கிறோம். உதட்டுச்சாயம் பூசிய ஒருவர் சமரசம் செய்துகொண்டதாக வருந்தினால் சிரிப்பு வருகிறது. 'இதுல சமரசம் பண்ண என்ன இருக்கு?' என்று கேட்கிறோம். இருந்தது என்பதுதான் விஷயம்.

இங்கே மலேசியாவில் இந்த இசை வேறு மாதிரி வந்து சேர்ந்தது. எண்பதுகளின் இறுதியில் சர்ச், விங்ஸ் போன்ற மலாய்க் குழுக்கள் உச்சத்தில் இருந்தன. 'ராக் காபாக்' என்று அதற்குப் பெயர். சர்ச்சின் 'இசபெல்லா' ஒலிக்காத காப்பிக்கடை இல்லை. அந்த மெல்லிய ராக் பாட்டுகளில் ஊறிய காதுகளுக்கு அமெரிக்கக் குழுக்களிலும் மெதுவான பாட்டுகள்தான் பிடித்தன. எங்கள் தாமானில் கித்தார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். பசார் மாலாமில் வாங்கிய கேசட்டுகளை வைத்து வாசித்துப் பழகுவார். அவருக்கு வாரண்ட் என்றால் முதல் ஆல்பத்தில் வந்த 'ஹெவன்' மட்டும்தான். 1989இல் அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போன காதல் பாட்டு அது. 'செர்ரி பை' பற்றிக் கேட்டால், "அது சும்மா சத்தம்டா தம்பி" என்பார். ஆக, லேன் என்ற மனிதர் அவருக்கு ஒரு காதல் பாடகர். அதே மனிதர் அமெரிக்காவில் ஒரு கொச்சைப் பாட்டுக்காரர். அவர் தன்னைப் பற்றி நினைத்திருந்தது இரண்டையுமே அல்ல. கிணற்றில் பிணம் விழுவதைப் பார்த்தவனின் கதையைச் சொன்னவர் என்றுதான் அறியப்பட விரும்பினார்.

முதலில் எளிய பதிலைப் பார்ப்போம். 'பாவம், கம்பெனி கட்டாயப்படுத்தியது. பணம் கலையைக் கொன்றது.' இதை நான் முழுசாக ஏற்கவில்லை. யாரும் லேனின் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. முதல் ஆல்பமே நன்றாக விற்றிருந்த குழு அது. மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் மறுக்க வாய் இருந்தது. மேலும், பாட்டு அவர் கைவண்ணம்தான். ஒரே இரவில் அப்படியொரு பல்லவியை எழுத எல்லாராலும் முடியாது. பாய்சன் குழுவின் சி. சி. டெவில் வந்து அதில் கித்தார் தனி வாசித்துக் கொடுத்தார். துள்ளலும் கிண்டலும் கச்சிதமும் உள்ள பாட்டு. திறமை என்பது நாம் மதிக்கிற வேலைக்கு மட்டும் வந்து உதவுவதில்லை. மதிக்காத வேலைக்கும் அதே கைதான் போகிறது.

எதிர்ப்பக்க பதிலும் எளிதானது. 'எழுதினார், காசு வாங்கினார், அப்புறம் என்ன புலம்பல்?' இதையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்ல, பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸிடம் போக வேண்டும்.

வில்லியம்ஸ் 1976இல் ஒரு கட்டுரையில் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற கருத்தை முன்வைத்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஓவியர் காகின். வரலாற்றுக் காகினை அப்படியே எடுக்காமல், கொஞ்சம் கற்பனை கலந்து எடுக்கிறார். ஓவியம் வரைவதற்காக குடும்பத்தை விட்டுவிட்டுத் தாஹிட்டி தீவுக்குப் போகிறார் காகின். அவர் செய்தது சரியா? வில்லியம்ஸ் சொல்வது இது: போகிற நேரத்தில் அதற்குப் பதில் கிடையாது. அவர் பெரிய ஓவியராக ஆனால் அந்த முடிவுக்கு ஒரு நியாயம் கிடைக்கலாம். ஆகாவிட்டால் எந்த நியாயமும் இல்லை. அப்போதும்கூட, கைவிடப்பட்டவர்கள் அந்த நியாயத்தை ஏற்க வேண்டிய அவசியமில்லை. ஆக, ஒரு செயலின் எடை அதைச் செய்தவரின் கையில் மட்டும் இல்லை. பின்னால் என்ன நடக்கிறது என்பதும் அந்த எடையைத் தீர்மானிக்கிறது.

ஜேனி லேனின் கதையை இந்த உதாரணத்தின் தலைகீழ் வடிவமாகப் பார்க்கிறேன். காகினை வெற்றி காப்பாற்றுகிறது. லேனை வெற்றி மாட்டிவிடுகிறது. யோசித்துப் பாருங்கள். 'செர்ரி பை' தோற்றிருந்தால்? கம்பெனிக்காக ஓர் இரவு எழுதிக்கொடுத்த பாட்டு, எடுபடவில்லை, அவ்வளவுதான். பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய துணுக்கு. அதே இரவு, அதே அட்டை, அதே வார்த்தைகள். ஆனால் பாட்டு ஜெயித்ததால் அது ஒரு வாழ்க்கையின் தலைப்பு ஆகிவிட்டது. செய்யும்போது சின்னதாக இருந்த ஒன்று, இருபது லட்சம் பேர் வாங்கியதும் பெரிய குற்றத்தின் உருவத்தை எடுத்துவிட்டது. எடை கூட்டியவர்கள் வாங்கியவர்கள். சுமந்தவர் ஒருவர்.

வில்லியம்ஸ் இன்னொன்றும் சொல்கிறார். எந்தத் தவறும் செய்யாத ஒரு லாரி ஓட்டுநர் மீது ஒரு குழந்தை வந்து மோதி இறந்துவிடுகிறது. பக்கத்தில் நின்றவர்களும் வருந்துவார்கள். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு ஜாதி. 'உன் தப்பு இல்லப்பா' என்று நாம் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் அதை உடனே ஒத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும். என் கைவழியாக நடந்தது என்ற அந்த உணர்வுக்குத் தர்க்கம் முழுப் பதில் தராது. ஒரு பாட்டு, ஓர் உயிரிழப்பு இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அபத்தம். ஆனாலும் உணர்வின் அமைப்பு ஒன்றுதான். 2000களில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் லேன், அந்தப் பாட்டை எழுதியதற்காகத் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அந்தக் காட்சி ரொம்பப் பிரபலம். பிறகு, அன்று தன் மனநிலை சரியில்லாததால் அப்படிப் பேசியதாகவும் பாட்டின் மேல் அப்படியொரு வெறுப்பு தனக்கு இல்லை என்றும் விளக்கினார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நம் கையால் நடந்த ஒன்றோடு நமக்கு ஒரே உறவா இருக்கிறது? காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கட்டுரை லேனுக்காக அழுவதாக முடிந்துவிடும். அது நேர்மை ஆகாது. ஏனென்றால் அந்தப் பாட்டில் இன்னொருவரும் இருக்கிறார்.

'செர்ரி பை' ஒரு பெண்ணைத் தின்பண்டத்தோடு ஒப்பிட்டு இரட்டை அர்த்தத்தில் விளையாடும் பாட்டு. வீடியோவில் நடித்தவர் பாபி பிரவுன் என்ற மாடல். கனடாவின் மச்மியூசிக் அலைவரிசை, பெண்களை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி அந்த வீடியோவை ஒளிபரப்ப மறுத்தது. லேனும் பிரவுனும் 1991இல் திருமணம் செய்துகொண்டார்கள், அது நீடிக்கவில்லை. ஆனால் 'செர்ரி பை பெண்' என்ற பெயர் பாபி பிரவுனுக்கு நீடித்தது. சில நிமிட வீடியோவுக்கு ஒரு முழு ஆயுள் பட்டம். லேனுக்காவது 'நான் வேறு பாட்டுகளும் எழுதியிருக்கிறேன்' என்று காட்ட ஆல்பங்கள் இருந்தன. அந்தப் பெண்ணிடம் எதைக் காட்டச் சொல்வோம்?

ஒரு பெண்ணைத் தின்பண்டமாகச் சுருக்கிய பாட்டு, கடைசியில் எழுதியவரையும் அதே தின்பண்டமாகச் சுருக்கிவிட்டது. இதைக் கேட்டதும் நமக்குள் இருக்கும் பழைய பாட்டி 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்று சொல்லத் தொடங்கிவிடுவார். எனக்கு அதில் அவசரம் தெரிகிறது. அறுவடையில் நீதி இருந்திருந்தால் விதைத்தவர் மட்டும்தானே அறுத்திருக்க வேண்டும்? கேட்டு வாங்கிய நிறுவனத்துக்கு லாபம். வாங்கி ஆடிய நமக்குச் சந்தோஷம். பெயர் ஒட்டிக்கொண்டது இரண்டு பேர்மேல் மட்டும். சுருக்குவது அந்தப் பாட்டின் குற்றம் என்றால், அதே சுருக்குதலை நாமும் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம். பாட்டைக் கண்டிக்கிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்; கண்டிப்பும் அவரை அந்தப் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிறது.

இப்போது அடுத்த ஆல்பத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 1992இல் வாரண்ட் 'டாக் ஈட் டாக்' என்ற மூன்றாவது ஆல்பத்தை வெளியிட்டது. இந்தத் தடவை லேன் தான் எழுத விரும்பியதை எழுதினார். இசை கனத்தது, இருண்டது. எதிர்கால உலகின் அழிவைப் பாடும் 'ஏப்ரல் 2031' இருக்கிறது. புகழுக்கான வெறியைப் பற்றி 'ஆண்டி வார்ஹால் வாஸ் ரைட்' இருக்கிறது. தலைப்பைப் பாருங்கள், எல்லாருக்கும் கொஞ்ச நேரம் புகழ் கிடைக்கும் என்று சொன்ன ஓவியர் சொன்னது சரிதான் என்கிறார், புகழில் மாட்டிக்கொண்ட ஒருவர். வாரண்ட்டின் சிறந்த ஆல்பம் இதுதான் என்று அந்த இசையை நேசிப்பவர்கள் பலர் இன்று சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் 1992இல் காது வேறு பக்கம் திரும்பியிருந்தது. செப்டம்பர் 1991இல் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' வந்து, அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்குப் போனது. சியாட்டல் நகரத்துக் குழுக்கள் கசங்கிய சட்டையோடு வந்தன. ஒப்பனை பொய் என்றும் கசங்கல் உண்மை என்றும் ஒரு புதிய நம்பிக்கை பிறந்தது. கொலம்பியா அலுவலகத்துக்குப் போனபோது தங்கள் குழுவின் படம் தொங்கிய இடத்தில் ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் படத்தைப் பார்த்ததாகவும், கதை முடிந்தது என்று அப்போதே புரிந்ததாகவும் லேன் பின்னாளில் சொன்னார். 'டாக் ஈட் டாக்' 25ஆம் இடத்தோடு நின்றது. முந்தைய ஆல்பத்தின் விற்பனைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

நிர்வானாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பெரிய இசை. எனக்கு உறுத்துவது கேட்டவர்களின் மனம். 'உண்மையான இசை வேண்டும்' என்று தேடிப் போனவர்கள், உண்மையாக எழுத முயன்ற ஒருவரின் ஆல்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உறையில் இருந்த பெயர் போதுமானதாக இருந்தது. உண்மையைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உடையைத் தேடினார்கள். இது இசைக்கு மட்டும் நடப்பதில்லை. நம் சூழலில் ஓர் எழுத்தாளரின் பெயரைச் சொன்னதும் 'அவரா? அவர் குடும்பக் கதை எழுதுறவராச்சே' என்று ஒருவர் சொல்வார். எப்போது கடைசியாகப் படித்தீர்கள் என்று கேட்டால் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். அந்தப் பதினைந்து வருஷத்தில் அந்த மனிதர் நாலு புத்தகம் எழுதியிருப்பார்.

படைப்பாளி தன் படைப்பை வெறுத்தால் நாமும் வெறுக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தேவையில்லை. டால்ஸ்டாய் 1897இல் 'கலை என்றால் என்ன?' எழுதியபோது, தன் சொந்தப் படைப்புகளில் இரண்டு சிறுகதைகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மோசமான கலை என்ற பக்கத்தில் தள்ளிவிட்டார். 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' எல்லாம் அதில் அடக்கம். நாம் டால்ஸ்டாயை வணங்குகிறோம். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு அன்னாவைக் கைவிடவில்லை. நல்லவேளை. படைப்பு வெளியே வந்தபிறகு படைத்தவரின் தீர்ப்பும் பல தீர்ப்புகளில் ஒன்று. அதனால் 'செர்ரி பை' கேட்டு ஆடுகிறவர்கள் குற்ற உணர்ச்சியோடு ஆடத் தேவையில்லை என்பதே என் எண்ணம். பாட்டின் கொச்சைத்தனத்தைப் பற்றி வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் லேனுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்த வாதத்தில் ஓர் ஆதாரம் ஆகாது.

ஆனால் டால்ஸ்டாய்க்கு நாம் செய்த மரியாதை ஒன்று இருக்கிறது. அன்னாவை நேசித்தோம், அதற்காக அன்னாவுக்குப் பிறகு அவர் எழுதியதைப் படிக்க மறுக்கவில்லை. இவான் இலியிச்சின் மரணத்தையும் படித்தோம், 'புத்துயிர்ப்பு' நாவலையும் படித்தோம், சண்டை போட்டோம். லேனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. டால்ஸ்டாயும் லேனும் ஒரே உயரமா என்று கேட்காதீர்கள், இல்லை. ஆனால் இந்த மரியாதை உயரத்தைப் பார்த்துக் கொடுப்பது இல்லை. ஒருவர் நமக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டு, 'இன்னொன்றும் வைத்திருக்கிறேன், கேட்கிறீர்களா?' என்று கேட்கும்போது ஒருமுறை கேட்டுப் பார்ப்பது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். கேட்காமலே சொல்வதுதான் தவறு.

ரசிகரின் அன்பு ஒரு பரிசு என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். எனக்கு அது கடனாகத் தெரிகிறது, நாம் பட்ட கடன். ஒரு பாட்டு நமக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தைக் காசு கொடுத்து அடைத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். காசு அடைத்தது கேசட்டின் விலையை. பாட்டை எழுதியவரை அந்த மூன்று நிமிடத்தைவிடப் பெரியவராக வைத்துப் பார்ப்பதில்தான் மிச்சக் கடன் இருக்கிறது. பாடகருக்கும் ஒரு பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. கச்சேரிக்கு வந்தவர் அந்தப் பாட்டுக்காகத்தான் டிக்கெட் வாங்கினார் என்றால் அதைப் பாடத்தான் வேண்டும், முகம் சுளிக்காமல். லேன் பாடினார். வருஷக்கணக்கில் பாடினார். அவர் தன் பங்கைச் செலுத்தினார் என்றே சொல்வேன்.

எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பார்கள்: போட்டிக்கு எழுதலாமா, மலருக்குக் கேட்ட மாதிரி எழுதிக் கொடுக்கலாமா, சமரசம் ஆகிவிடுமா என்று. எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். கேட்டு எழுதியதெல்லாம் மோசம் என்றால் உலக இலக்கியத்தில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவேளை இதுதான் ஜெயித்துவிட்டால்? நாளைக்கு மேடையில் உங்களை அழைக்கும்போது இந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள் என்றால் எழுந்து போவீர்களா? போவேன் என்றால் தைரியமாக எழுதுங்கள். தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கத்துக்கு ஓர் இரவு கூடுதலாகக் கொடுங்கள். தோல்விக்குத் தயாராவதை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். தவறான வெற்றிக்குத் தயாராவதை யாரும் சொல்லித் தருவதில்லை.

'செர்ரி பை' ஆல்பத்தின் வரிசையில் முதல் பாட்டு 'செர்ரி பை'. இரண்டாவது 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. நிறுவனம் பெயரை மாற்றியது, அட்டையை மாற்றியது, ஆனால் அந்தப் பாட்டு அங்கேயேதான் இருக்கிறது. முதல் பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல் விட்டால், கொஞ்ச நேரத்தில் அந்த அக்குஸ்டிக் கித்தார் தானாகவே தொடங்கும்.